காலி டப்பா எங்கே போகும்?

முகக் க்ரீமோ சோப்போ தலைக்குத் தேய்க்கும் எண்ணெயோ செய்து விற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் டப்பாவைத்தான் கடைசியாக யோசிக்கிறார்கள். செய்முறை கைவந்து, வாசனை பிடிபட்டு, பெயரும் வைத்தாகிவிட்ட பிறகு, மொத்த வியாபாரி ஒருவரின் பட்டியலைப் புரட்டிக் கண்ணுக்கு அழகாகப் பட்டதை எடுத்துக்கொள்கிறார்கள். இயற்கைப் பொருள் என்று சொல்லி விற்பதால் டப்பாவும் இயற்கையாகத் தெரிய வேண்டுமென்று மூங்கில் மூடி, பழுப்புக் காகிதம், கனத்த கண்ணாடி என்று தேடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் ஒரு டப்பா மண்ணுக்கு நல்லதா கெட்டதா என்பதை அதன் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. காலியான மறுநாள் அது எந்தக் கைக்குப் போகிறது என்று பார்த்தால்தான் தெரியும். நம் ஊர்களில் அந்தக் கை பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்காரருடையது. சென்னையில் காயலான் கடை என்போமே, அந்தக் கடைக்காரருடையது. அவர் காசு கொடுத்து வாங்கும் டப்பா மறுபடி ஒரு பொருளாகும். அவர் ஒதுக்கித் தள்ளும் டப்பா, அதன் மேல் எத்தனை பச்சை இலை அச்சடித்திருந்தாலும், குப்பைமேட்டுக்குத்தான் போகும். இந்த அத்தியாயம் அந்த முடிவிலிருந்து பின்னோக்கி வந்து டப்பாவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

டப்பாவின் அடியில் முக்கோணக் குறி இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது. 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன் என்றும், அதில் குப்பையானவற்றில் சுமார் 9 சதவீதமே மறுசுழற்சி ஆயிற்று என்றும் ரோலண்ட் கையரும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். மீதியில் பெரும்பகுதி, சூடேற்றினால் உருகி மறுபடி வார்க்கக்கூடிய சாதாரணப் பிளாஸ்டிக்தான். பொறுக்கி, பிரித்து, கழுவும் கூலிக்குக் கட்டுப்படியாகாததால்தான் அது குப்பையாகக் கிடக்கிறது. குப்பை பொறுக்கிப் பிழைப்பவருக்கு எடைக்குத்தான் காசு. லிட்டர் பாட்டிலுக்குக் குனியும் கை, 5 கிராம் லிப் பாம் குழலுக்குக் குனியாது. குனியச் சொல்வதும் நியாயமில்லை. இயந்திரம் வைத்துப் பிரிக்கும் மேலை நாடுகளிலும் இதே கதைதான். சிறு டப்பாக்கள் சல்லடை ஓட்டை வழியே கீழே விழுந்து கழிவோடு போய்விடுகின்றன. தோலுக்கான பொருள்களின் டப்பாக்களுக்கு இந்த விஷயத்தில் மூன்று சாபங்கள் சேர்ந்தே இருக்கின்றன. அவை சிறியவை, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு உள்ளவை, இரண்டு மூன்று பொருள்களைக் கலந்து செய்தவை. வடிவமைப்பு என்று நாம் பேச வேண்டியது இந்த மூன்றையும் குறைப்பது பற்றித்தான்.

ஆகவே டப்பாவைப் பற்றிய முதல் முடிவை டப்பாக் கடைக்குப் போகும் முன்பே, அடுப்படியில் எடுத்துவிடுகிறோம். கைக்குத் தடவும் லோஷனில் பொதுவாக 60 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். தண்ணீர் வந்தால் கிருமி வரும். கிருமிக்குப் பயந்து பதப்பொருள் வரும். கை படாமல் எடுக்க பம்ப் வரும். கசியாமலிருக்க உள்மூடியும் சீலும் வரும். கூரியருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு தண்ணீரைச் சுமக்கும் கூலியாகும். தோல் வறளாமல் காக்கும் அதே வேலைக்கு, ஷியா போன்ற தாவர வெண்ணெயும் எண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிக் கட்டியாக வார்த்தால் இவற்றில் ஒன்றும் தேவைப்படாது. ஷாம்புவையும் கட்டியாகச் செய்யலாம். 100 கிராம் கட்டிக்கு இரண்டு மூன்று கிராம் காகிதம் போதும். வெயிலில் உருகிவிடாதா என்பார்கள். நியாயமான கேள்வி. ஷியா வெண்ணெய் உடம்புச் சூட்டிலேயே இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய கூரியர் வண்டிக்குள் எந்தக் கட்டியும் சோதனைக்குள்ளாகும். தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் உருகும் என்பதால் கோடையில் அதன் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். கட்டியைத் தனியாக வார்த்து அடுக்காமல், மூடியுள்ள அலுமினிய டப்பாவுக்குள்ளேயே வார்த்துவிட்டால் இளகினாலும் ஒழுகாது, ஆறியதும் அங்கேயே இறுகும். சன்ஸ்க்ரீனும் வைட்டமின் சி சீரமும் போல இப்படிச் செய்ய முடியாத பொருள்கள் உண்டு. ஆனால் அவற்றைச் செய்யும் முன், தண்ணீர் இல்லாமல் எதையெல்லாம் செய்யலாம் என்று ஒரு முறை பட்டியல் போட்டுப் பார்ப்பது பல டப்பாக்களை ஒரேயடியாக இல்லாமல் ஆக்கிவிடும்.

நலங்கு மாவு, சீயக்காய், பயத்தம் மாவு விற்பவர்களுக்கு இந்த வேலை முன்னோர் முடித்து வைத்த வேலை. பொடிக்கு எதிரி ஈரம் ஒன்றுதான். ஐப்பசி அடைமழையில் வெறும் காகிதப் பை ஈரத்தை இழுக்கும். மாவு கட்டி தட்டும், வண்டு பிடிக்கும். இதற்காக இப்போது எல்லோரும் வாங்குவது, நிமிர்ந்து நிற்கும் பழுப்புக் காகிதப் பை. அதைக் கிழித்துப் பாருங்கள். வெளியே காகிதம், உள்ளே ஒட்டிய பிளாஸ்டிக் படலம், சில பைகளில் இடையே அலுமினியத் தாள், முன்பக்கம் மாவு தெரிய ஒரு பிளாஸ்டிக் சன்னல், மேலே பிளாஸ்டிக் ஜிப். காகித ஆலைக்கும் ஆகாது, பிளாஸ்டிக் உருக்குபவருக்கும் ஆகாது. இதைவிட, மாவை ஒரே பொருளாலான சாதாரண பாலித்தீன் உறையில் போட்டு, அதை வெறும் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுப்பது மேல். பால் கவரோடு சேர்த்து அந்த உறையை எடைக்குப் போடலாம். அட்டை தனியாக விலை போகும். பார்வைக்குப் பிளாஸ்டிக்காகத் தெரியும் தேர்வு, காகிதமாகத் தெரியும் தேர்வைவிட நல்லதாக இருக்கும் இடம் இது. வாங்கியதும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று உறையிலேயே ஒரு வரி எழுதினால் ஈரப் பிரச்சினையில் பாதி தீரும்.

திரவத்துக்குப் பிளாஸ்டிக் வேண்டியிருக்கிறது என்றால் மூன்றே பெயர்களை நினைவில் வையுங்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், எண் 1. எண்ணெய், ஷாம்பு பாட்டில்களுக்கான எச்டிபிஇ, எண் 2. மூடிகளுக்கும் க்ரீம் டப்பாக்களுக்கும் ஆகும் பிபி என்கிற பாலிப்ரொப்பிலீன், எண் 5. இந்த மூன்றுக்கும் நம் நாட்டில் பழைய பொருள் சந்தை இருக்கிறது. மற்றவை அழகாக இருக்கலாம், மலிவாகவும் இருக்கலாம். வாங்க ஆள் கிடைப்பது கடினம். எது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும். பாட்டிலிலிருந்து விரல்நகம் அளவு துண்டு வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாமல் விரலால் அழுத்தித் தண்ணீருக்குள் விடுங்கள். பிபியும் எச்டிபிஇயும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை, மேலே மிதந்து வரும். பெட் அடியில் போய் உட்காரும். மறுசுழற்சி ஆலையின் தொட்டியில் நடப்பதும் இதேதான். பெட் பாட்டிலுக்குப் பிபி மூடி போட்டால் ஒன்று மிதக்கும், ஒன்று மூழ்கும், தானே பிரிந்துவிடும். அதே பாட்டிலுக்குப் பளபளப்பான பிவிசி சுருக்கு உறையை மாட்டினால், அதுவும் பெட்டோடு சேர்ந்து மூழ்கும். பெட்டை உருக்கும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலம் கக்கி முழுத் தொகுதியையும் கெடுக்கும். பாட்டில் நல்லதாக இருந்தும் சட்டையால் கெட்டுப்போகிறது. அதனால் உறை வேண்டாம்; தண்ணீரில் ஊறினால் கழன்றுவிடும் பசையுள்ள சிறிய லேபிள் போதும். நிறத்திலும் கவனம் தேவை. நிறமற்ற பாட்டிலை எந்த நிறமாகவும் மாற்றலாம், அதனால் அதற்கு விலை அதிகம். கறுப்புப் பாட்டில் கறுப்பாகத்தான் திரும்பி வரும். ஒளி பட்டால் கெடும் எண்ணெய் என்றால் பாட்டிலைக் கறுப்பாக்குவதற்குப் பதில் வெளியே ஓர் அட்டைப் பெட்டி கொடுங்கள்.

பம்பைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் நல்ல பாட்டிலைக் கெடுப்பதில் அதற்கு முதலிடம். சாதாரண லோஷன் பம்ப் ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பினால், அழுத்தும் தலை, திருகு வளையம், அதற்குள் ஒரு குழல், எவர்சில்வர் சுருள்கம்பி, எஃகிலோ கண்ணாடியிலோ ஒரு குட்டி உருண்டை, ரப்பர் போன்ற வாஷர், கீழே நீளும் உறிஞ்சு குழாய் என்று ஏழெட்டுத் துண்டுகள் கிடைக்கும். பிளாஸ்டிக்கிலேயே இரண்டு மூன்று வகை, நடுவே உலோகம். இதைப் பிரித்தெடுக்க யாரும் உட்கார மாட்டார்கள். சுருள்கம்பியையும் பிளாஸ்டிக்கில் செய்து, முழுவதும் ஒரே பொருளாலான பம்புகள் சந்தைக்கு வந்திருக்கின்றன. விலை கூடுதல், சிறு அளவில் எளிதில் கிடைப்பதில்லை. நான் சொல்வது அதைவிட எளிய வழி. எளிதில் ஓடும் திரவத்துக்குத் தட்டித் திறக்கும் பிபி மூடி போடுங்கள். சற்றுக் கெட்டியானதற்கு, தலைகீழாக நிற்கும் பாட்டில் வாங்குங்கள். கடைசிச் சொட்டு வரை வரும். பம்ப் இல்லாமல் முடியாது என்றால் பம்பைத் தனியாக விற்று, அடுத்தடுத்த பாட்டில்களை வெறும் மூடியோடு விற்றுவிடலாம். ஒரு பம்ப் பல பாட்டில்களுக்கு உழைக்கும்.

பம்பைப் போல வேறு வேறு பொருள்களை உள்ளே மறைத்து வைக்கும் வேலை, அழகு சாதனக் கடைகளில் அதிகம் காணும் இரட்டைச் சுவர் அக்ரிலிக் ஜாடியிலும் உண்டு. வெளியே பளிங்கு போல அக்ரிலிக். உள்ளே சிறிய பிபி கிண்ணம். இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். 50 கிராம் க்ரீம் 100 கிராம் போலத் தெரிவதற்குத்தான் அந்த வெற்றிடம். வாடிக்கையாளரையும் ஏமாற்றுகிறது, பழைய பொருள் கடைக்காரரையும் குழப்புகிறது. இதை வாங்கவே வாங்காதீர்கள்.

கண்ணாடி விஷயத்தில் பலர் என்னோடு முரண்படுவார்கள். கண்ணாடி மண்ணிலிருந்து வருகிறது, எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது, பொருளோடு வினைபுரியாது. இதைவிட என்ன வேண்டும் என்பது வாதம். மூன்றும் உண்மை. வாசனை எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்கை மெல்ல அரிக்கும் என்பதால் அவற்றுக்குக் கண்ணாடிதான் ஏற்றது. ஆனால் எடைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். அடி கனத்த 50 கிராம் க்ரீம் ஜாடி, காலியாகவே 100 கிராமைத் தாண்டுவது சாதாரணம். உள்ளே இருக்கும் பொருளைப் போல இரண்டு மடங்கு டப்பா. 200 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் பொதுவாக இருபது இருபத்தைந்து கிராம்தான்; பொருளில் பத்தில் ஒரு பங்கு. கண்ணாடியை உருக்க 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். உடைந்த கண்ணாடியை 10 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தாலும் எரிபொருளில் இரண்டு மூன்று சதவீதம்தான் மிச்சம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கண்ணாடி பாட்டிலைப் பிளாஸ்டிக் பாட்டிலோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், கரியமில வாயுக் கணக்கில் கண்ணாடி தோற்பது இந்த எடையாலும் சூட்டாலும்தான். பீர் பாட்டில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் சேர்வதால் முழுசாக விலை போகிறது. உங்கள் 30 மில்லி சொட்டுக் குப்பி அப்படிச் சேராது. அதன் ரப்பர் குமிழும் கண்ணாடிக் குழலும் பிளாஸ்டிக் வளையமும் வேறு தனித் தொல்லை. கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதென்றால் அதைத் திரும்ப வாங்குவதென்றும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். திரும்ப வராத கண்ணாடி, கனமான குப்பை.

திரும்ப வருமா? கோலி சோடா பாட்டிலைக் கடையிலேயே குடித்துவிட்டுத் திருப்பி வைத்த ஊர் இது. காட்டில் உடைந்து கிடக்கும் மதுபாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதை அடுத்து, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. பாட்டில்கள் திரும்பி வந்தன. திட்டம் பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போயிற்று. காலிக்கு ஒரு விலை இருந்தால் மனிதர்கள் அதைச் சுமந்து வருவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். உங்கள் ஜாடிக்கும் 15, 20 ரூபாய் முன்பணம் வைத்து, அந்தத் தொகையை லேபிளில் தெரியும்படி எழுதுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் ஒரே ஊரிலோ ஒரே சந்தையிலோ இருந்தால் இது நடக்கும். ஊர் ஊராகக் கூரியரில் அனுப்புகிறவர் காலி ஜாடியைத் தபாலில் திருப்பி வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. அவர் எடை குறைந்த டப்பாவுக்குப் போவதே நேர்மை. திரும்பி வந்த ஜாடியைச் சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, லேபிளும் பசையும் போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, கவிழ்த்துச் சொட்டு ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, சில்லு பெயர்ந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். மூடியின் உள்வட்டும் சொட்டுக்குழலும் ஒவ்வொரு முறையும் புதிது.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர் வீட்டிலேயே பழைய பாட்டிலில் மறுபடி நிரப்பிக்கொள்ளட்டும் என்று பெரிய உறைகளில் விற்பது இப்போது பரவி வருகிறது. எண்ணெய்க்கும் பொடிக்கும் அது நன்றாகவே ஒத்துவரும். தண்ணீர் கலந்த க்ரீமுக்கும் லோஷனுக்கும் ஆபத்து. குளியலறை ஈரத்தில் கிடந்த பாட்டிலின் அடியில் மிச்சமிருக்கும் வாரக்கணக்கான கலவையில் கிருமி பெருகியிருக்கும். புதிதாக ஊற்றியது முழுவதும் அதோடு கெடும். கெட்ட க்ரீம் தோலையும் கெடுக்கும், அதைச் செய்யச் செலவான எண்ணெயையும் உழைப்பையும் வீணாக்கும். டப்பாவின் முதல் வேலை உள்ளே இருப்பதைக் காப்பது. அந்த வேலையில் தோற்ற டப்பாவைப் பசுமையானது என்று சொல்ல எனக்கு மனமில்லை. க்ரீமுக்கு, வெளி ஜாடி அப்படியே இருக்க, சீல் வைத்த மெல்லிய பிபி உள்கிண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் அமைப்பு பாதுகாப்பானது.

அலுமினியத்துக்கு வருவோம். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் அளவே பழைய அலுமினியத்தை உருக்க ஆகும் என்பதால் எந்தப் பழைய பொருள் கடையிலும் அதற்கு மரியாதை உண்டு. தைலம், லிப் பாம், கட்டி லோஷன் ஆகியவற்றுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். க்ரீமுக்குப் பழைய களிம்பு டியூப் போன்ற அலுமினிய டியூப் ஏற்றது. அழுத்தினால் அழுங்கியபடியே இருக்கும், காற்றை உள்ளே இழுக்காது. ஆனால் அமிலமும் காரமும் அலுமினியத்தை அரிக்கும். சோப்பு காரத்தன்மை உள்ளது. வெறும் அலுமினியத்தில் ஈர சோப்பை வைத்தால் டப்பா கறுத்துப்போகும். உள்பூச்சு உள்ள டப்பாதானா என்று விற்பவரிடம் கேட்டு, உங்கள் பொருளை அதில் மூன்று மாதம் வைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். விலை மலிவு என்று தகர டப்பாவுக்குப் போனால் குளியலறையில் துருப்பிடிக்கும்.

மூங்கில் ஜாடியின் உள்ளே கையை விட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் கிண்ணம் தட்டுப்படும். எண்ணெயும் க்ரீமும் மரத்தில் ஊறும் என்பதால் அது இல்லாமல் முடியாது. பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியிருக்கும். மூங்கிலாகவும் போகாது, பிளாஸ்டிக்காகவும் போகாது. சோளம் போன்ற பயிரின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கும் இப்படி ஏமாற்றும். மக்கும் என்பது உண்மை. 58, 60 டிகிரி சூட்டில் வாரக்கணக்கில் வைக்கும் உரக்கூடத்தில் மக்கும். வீட்டுத் தோட்டத்துக் குழியில் பிளாஸ்டிக் போலவே கிடக்கும். ஏறத்தாழ அதே சூட்டில் அது இளகியும் விடுமென்பதால் நம் கோடையில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வடிவம் குலையும் அபாயமும் உண்டு. பெட்டோடு கலந்தால் பெட்டையும் கெடுக்கும். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். தோற்றத்தை நம்பக் கூடாது என்பதற்கு நம் மாநிலச் சட்டமே சாட்சி. துணிப்பை போலத் தெரியும் நான்-ஓவன் பை உண்மையில் பாலிப்ரொப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்த பொருள்களில் அதுவும் ஒன்று.

கனமான எதிர்வாதம் ஒன்று பாக்கி. பெரிய பாட்டில், முன்பணம் என்பதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு; தினக்கூலி வாங்குபவர் ஒரு நாள் தேவைக்குத்தான் வாங்க முடியும், அவருக்குச் சாஷே வேண்டாமா? இந்தக் கேள்விக்குக் கடலூர் மண்ணில் வேர் உண்டு. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீடு வரை கொண்டுபோன சின்னி கிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். எளியவர்களுக்கும் நல்ல பொருள் கிடைக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. குறை உறையில் இருக்கிறது. பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என்று மூன்று படலங்கள் பிரிக்க முடியாமல் ஒட்டிய ஒன்றிரண்டு கிராம் உறை அது. எந்தக் கடையும் வாங்காது. ஆனால் அதே சிக் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காலி ஷாம்பு உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அந்த நிறுவனம் விற்பனைக்காக அறிவித்தபோது, தூக்கியெறியப்பட வேண்டிய உறைகளை மக்கள் சேர்த்துவைத்துக் கொண்டுவந்தார்கள். சிறிய அளவில் விற்பதும் காலியைத் திரும்பப் பெறுவதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. 10 ரூபாய்க்கு விற்க வேண்டுமானால் கட்டி ஷாம்புவைச் சிறு வில்லையாக வெட்டி மெழுகுக் காகிதத்தில் சுற்றுங்கள். பொடியை ஒருநாள் அளவில் மடித்த காகிதப் பொட்டலமாகக் கொடுங்கள். மளிகைக் கடைக்காரர் காலங்காலமாகச் செய்துவரும் வேலைதான்.

வெளிப்பெட்டிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேவையில்லை என்றால் வேண்டாம். தேவை என்றால், பின்பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும் டூப்ளெக்ஸ் அட்டை பெரும்பாலும் கழிவுக் காகிதத்திலிருந்தே வருகிறது; அதையே கேளுங்கள். சிவகாசியில் அச்சடிக்கக் கொடுக்கும்போது மேட் லேமினேஷன் போடவா என்று கேட்பார்கள். அது அட்டைமேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம். போட்டால் அட்டை காகிதமாகத் திரும்புவது கடினம். அதற்குப் பதில் தண்ணீரில் கரைத்த வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். தங்கத் தாள் பதிப்பு வேண்டாம். கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் கிலோ, உண்மையான எடையைவிட அதிகமானால் அதற்கே காசு வாங்குகின்றன. பெட்டியைப் பொருளுக்கு ஒட்டிச் சிறிதாக்கினால் காகிதமும் மிச்சம், பணமும் மிச்சம்.

இத்தனையும் செய்தால் பார்க்க எளிமையாக இருக்குமே, விலையுயர்ந்த பொருள் என்று யார் நம்புவார்கள் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். எளிமையும் அசிரத்தையும் வேறு வேறு. நேராக ஒட்டிய லேபிள், படிக்க முடிகிற எழுத்து, கசியாத மூடி, எண்ணெய் படியாத வெளிப்புறம்: இவை நான்கும் இருந்தால் ஒரு சாதாரண வெள்ளை பாட்டில் மதிப்போடு நிற்கும். குறைந்தது ஐயாயிரம் எடுத்தால்தான் தருவோம் என்று பாட்டில் கம்பெனி சொல்கிறது என்பது அடுத்த கவலை. அதனால்தான் எல்லாப் பொருளுக்கும் ஒரே பாட்டில், ஒரே கழுத்தளவு, ஒரே மூடி என்று முடிவு செய்து, வித்தியாசத்தை லேபிளில் மட்டும் காட்டச் சொல்கிறேன். உங்களைப் போன்ற நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பாட்டிலை வாங்கினால் அளவும் எட்டும், திரும்பி வரும் பாட்டில் யாருக்கும் பயன்படும். பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டும்போது என் ஐந்நூறு டப்பாவால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, விதிகள் பெரியவர்களையும் இதே பக்கம் தள்ளத் தொடங்கிவிட்டன என்பதைச் சொல்ல வேண்டும். 2022இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், கடினப் பிளாஸ்டிக் பேக்கிங்கில் 2025-26 முதல் 30 சதவீதம், 2028-29இல் 60 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டுமென இலக்கு வைத்தன. அந்தப் பழைய பிளாஸ்டிக் எங்கிருந்தாவது வர வேண்டும். ஒரே பொருளால் செய்த, நிறமற்ற, லேபிள் எளிதில் கழலும் உங்கள் பாட்டிலுக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

அடுத்த ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் டப்பாக்களின் மாதிரியை வகைக்கு ஒன்றாக வாங்கி, மூடி, பம்ப், லேபிள் எல்லாவற்றோடும் ஒரு பையில் போட்டு, உங்கள் தெருவில் இருக்கும் பழைய பொருள் கடைக்குக் கொண்டுபோங்கள். இவற்றில் எதையெல்லாம் எடுப்பீர்கள், எந்தச் சாக்கில் போடுவீர்கள், கிலோ என்ன விலை என்று கேளுங்கள். அவர் தரையில் கொட்டி இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடுவார். அவர் உங்கள் பையிலேயே திருப்பிப் போடும் டப்பாவை வாங்காதீர்கள்.